அன்று எடுத்த மாதிரியை அன்றே பாருங்கள்: கிழக்கின் சுகாதாரப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாணத்தில் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு மேலே கொழும்பில் இருந்து தீர்மானம் எடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

என் சித்தப்பாவைத் தாக்கிய மியூக்கோர் என்ற பங்கசு, அதாவது பூஞ்சை, நோயைப் பற்றி எங்கள் குடும்பம் எழுதிய முறைப்பாட்டுக்குப் பதில் வந்துவிட்டது, அதற்கு முதலில் நன்றி. "இது மிக அரிதான நோய் என்பதால் ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கான பரிசோதனை வசதியை ஏற்படுத்துவது நடைமுறைச் சாத்தியமற்றது" என்று எழுதியிருக்கிறார்கள். எந்தக் கந்தோர் எழுதியது என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு கந்தோரையோ ஓர் ஆஸ்பத்திரியையோ சந்திக்கு இழுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு வசனம் எவ்வளவு பிழை என்பதை எல்லாரும் படிக்கக்கூடிய ஓர் இடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நாங்கள் கேட்டது புதுக் கட்டடம் இல்லை. பங்கசு என்று டொக்டர் சந்தேகப்பட்டு ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கிற சதைத்துண்டை, எடுத்த அன்றே, இந்த மாகாணத்துக்குள்ளேயே, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்றுதான் கேட்டோம். இப்போதும் அதைத்தான் கேட்கிறேன்.

பின்னணி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கொவிட், இன்புளுவென்சா மாதிரியான வைரசுக் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி மூச்சுப்பாதையின் உள்தோலைப் புண்ணாக்கிவிட்ட பிறகு, மற்ற நேரத்தில் ஒன்றும் செய்யாத பங்கசு உள்ளே புகுந்துகொள்கிறது. அதன் வித்திகள் மண்ணிலும் அழுகின பழத்திலும் பூஞ்சணம் பிடித்த பாணிலும் காற்றிலும் எப்போதும் இருக்கின்றன, நாம் எல்லாரும் தினமும் அவற்றைச் சுவாசிக்கிறோம். சீனி வருத்தம் கட்டுக்குள் இல்லாதவர், ஸ்டீரொயிட் எடுத்தவர், பல நாள் ஐசியுவில் கிடந்தவர், இவர்களிடம்தான் அது வளருகிறது. ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை, அதனால்தானோ என்னவோ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என் சித்தப்பா கரைவலை இழுத்தே வாழ்ந்த மனிதர். சீனி வருத்தம் பல வருடமாக இருக்கிறது, கிளினிக் கொப்பி ஒழுங்காக வைத்திருப்பார். போன மாரி தொடங்கியபோது காய்ச்சலும் இருமலும் வந்தது, இன்புளுவென்சா என்று பிறகுதான் தெரிந்தது. முதலில் ஒரு டிஸ்பென்சரிக்குத்தான் போனார், வெள்ளைக் கடதாசிப் பைக்கற்றில் குளிசை கட்டிக் கொடுத்தார்கள். மருந்தின் பெயர் எதுவும் இல்லை, எத்தனை எத்தனை வேளை என்று மட்டும் பேனையால் எழுதியிருந்தது. மூச்சு இழுக்கத் தொடங்கியதும் ஓர் அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கே ஒட்சிசன் வைத்து, இரவிரவாக விழித்திருந்து அவரைக் காப்பாற்றினார்கள். அந்த வார்ட்டு மிஸ்மாருக்கும் டொக்டர்மாருக்கும் நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள், இந்த மடலில் உள்ள கோபம் எதுவும் அவர்கள் மேல் இல்லை. எஞ்சியிருந்த குளிசையைப் பார்த்து அது ஸ்டீரொயிட் என்று கண்டுபிடித்துச் சொன்னதும் அங்கிருந்த டொக்டர்தான்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், "பிள்ளை, இந்தப் பக்கக் கன்னம் மரத்துப் போய்க் கிடக்கு" என்றார். மேல்வரிசைப் பல் வலித்தது. பாமசியில் பல்வலிக் குளிசை கொடுத்தார்கள். அப்புறம் ஒரு கண் இமை தொங்கியது, மூக்கிலிருந்து கறுப்பும் இரத்தமுமாக வந்தது, வாயைத் திறந்து பார்த்தால் அண்ணத்தில் கறுப்பாக ஒரு திட்டு. திரும்பக் கொண்டுபோனோம். சீனி நானூறுக்கு மேலே இருந்தது. காது மூக்கு தொண்டை டொக்டர் பார்த்த உடனேயே இன்னதாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார், தாமதிக்காமல் மூக்குக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சதையும் எடுத்தார். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

அந்தத் துண்டுக்கு என்ன நடந்தது என்பதை நீங்கள் ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

அதை இங்கே பார்க்க முடியாது, கொழும்புக்குப் போக வேண்டும் என்றார்கள். கொண்டுபோகிற வாகனம் அன்றைக்கு இல்லை, அவசரமென்றால் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார்கள். சித்தப்பாவின் மகன், என் தம்பி, அந்தச் சின்னப் போத்தலோடு இரவு பஸ்ஸில் ஏறினான். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோ என்று ஒருவர் சொன்னார், ஐஸ் வைக்கவே கூடாது என்று இன்னொருவர் சொன்னார். இந்தப் பங்கசு குளிரில் வைத்தால் செத்துப்போகலாம், வளர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண அறைவெப்பத்தில்தான் வைக்க வேண்டும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் என்று இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல், தகப்பனின் சதையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கினால் போத்தல் விழுந்துவிடும் என்று பயந்து, ஒரு கண் மூடாமல் போயிருக்கிறான். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தின் கவுண்டரில் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது போமலினில் போட்டது, இதில் பங்கசு வளராது, சேலைனில் போட்டு இன்னொரு துண்டு கொண்டு வாருங்கள் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான். போமலினில் போட்டால் எல்லாம் செத்துவிடும், வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்க்கலாமே தவிர வளர்த்துப் பார்க்க முடியாது. ஆனால் அதை அனுப்புகிற இடத்தில் ஒரு துண்டுக் கடதாசியிலாவது எழுதி ஒட்டியிருக்கலாம் அல்லவா? போமலினில் இருந்ததை வெட்டிப் பார்க்கவாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சி, அதற்கு வேறு படிவம், வேறு கட்டடம், அடுத்த நாள் போயா விடுமுறை.

இங்கே சித்தப்பாவுக்கு இரண்டாம் தரம் மூக்குக்குள் வெட்டினார்கள். இந்தமுறை சேலைன் போத்தல். தம்பி திரும்ப பஸ் ஏறினான்.

இடையில் மருந்து என்ன ஆனது என்று கேட்பீர்கள். டொக்டர் சந்தேகத்திலேயே தொடங்கத்தான் பார்த்தார். இதற்கு முதலில் கொடுக்க வேண்டியது லிப்போசோமல் அம்போதெரிசின், பங்கசைக் கொல்லும் அம்போதெரிசின் மருந்தின் புது வகை, சிறுநீரகத்தை அவ்வளவு தாக்காதது. அது கையிருப்பில் இல்லை. வரவழைக்க வேண்டுமென்றால் நோயை உறுதிப்படுத்திய அறிக்கை வேண்டுமாம், அறிக்கை கொழும்பிலிருந்து வர வேண்டும். இருந்த பழைய வகை அம்போதெரிசினை ஏற்றினார்கள், அது சிறுநீரகத்தைத் தாக்கும் என்பது தெரிந்ததுதான், ஏற்கெனவே சலரோகத்தால் பழுதான சிறுநீரகம், பாதியில் நிறுத்த வேண்டியதாகப் போயிற்று. இதற்குள் அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. கடைசியில் கொழும்புக்கு மாற்றி, சத்திரசிகிச்சையில் கண்ணை எடுத்தார்கள், அண்ணத்தில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். உயிரோடு இருக்கிறார். தண்ணீர் குடித்தால் மூக்கால் வருகிறது. அண்ணத்துக்குத் தட்டு செய்து கொடுக்கிற கிளினிக்குக்கும் எங்களை கொழும்புக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அரிதான நோய் என்கிறீர்கள். சரி, அரிதுதான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இது நாளைக் கணக்கில் ஆளைத் தின்னும் நோய். மியூக்கோர் வகைப் பங்கசு இரத்தக் குழாய்க்குள் நுழைந்து அடைத்துவிடுகிறது, இரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கிறது, செத்த சதைக்குள் மருந்தும் போய்ச் சேராது. அதனால்தான் மருந்து மட்டும் போதாமல் வெட்டியும் எடுக்கிறார்கள், பிந்தப் பிந்த வெட்டுகிற அளவும் கூடிக்கொண்டே போகிறது. இரத்தப் புற்றுநோயாளர்களுக்கு இந்தத் தொற்று வந்தபோது என்ன நடந்தது என்று பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. அம்போதெரிசினைத் தொடங்க ஆறு நாளோ அதற்கு மேலோ பிந்தியவர்களில் நூற்றுக்கு 83 பேர் 12 வாரத்துக்குள் இறந்துவிட்டார்கள். முந்தித் தொடங்கியவர்களில் அது 49. எங்கள் சித்தப்பாவின் போத்தல் எத்தனை நாள் பஸ்ஸிலும் கவுண்டரிலும் போயா விடுமுறையிலும் கழித்தது என்பதை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அரிது என்பதையும் கொஞ்சம் பேசுவோம். 2021இல் கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் நடந்ததை நாங்கள் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். இதே மியூக்கோரைத்தான் கறுப்புப் பூஞ்சை என்று அங்கே சொன்னார்கள். கொவிட்டின் அந்தப் பெரிய அலையோடு அது வந்தது, ஜூன் மாத முடிவுக்குள் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர்கள், அம்போதெரிசின் கிடைக்காமல் ஊர் ஊராக அலைந்த குடும்பங்கள். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கின. அதற்கு முதல் வருடம்வரை அதுவும் அரிதான நோய்தான். அங்கே அதைப் பெருக்கிய காரணங்களில் முக்கியமானவை கட்டுக்குள் இல்லாத நீரிழிவும் கணக்கில்லாமல் கொடுத்த ஸ்டீரொயிட்டும். இங்கே இரண்டும் இல்லையா? இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ இருக்கிறது என்று நம் நாட்டு ஆய்வாளர்களே 2008இல் எழுதிவிட்டார்கள்.

இன்புளுவென்சாவோடும் இதே கதை இருக்கிறது. அங்கே மியூக்கோரைவிட அஸ்பெர்கிலசு என்ற இன்னொரு பங்கசுதான் கூடுதலாக வருகிறது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இன்புளுவென்சாவோடு ஐசியுவில் சேர்ந்த 432 பேரைப் பார்த்ததில் 19 சதவீதமானவர்களுக்கு நுரையீரலில் அது இருந்தது, அது இருந்தவர்களில் பாதிப்பேர் 90 நாளுக்குள் இறந்துவிட்டார்கள். 2018இல் வந்த ஆய்வு அது. கொவிட் நோயாளிகளிலும் அதையே பிறகு கண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 ஒக்டோபரில் முதல் தடவையாக ஆபத்தான பங்கசுகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, 19 வகையைச் சேர்த்து, அஸ்பெர்கிலசு பியூமிகேட்டசை மிகத் தீவிரமான வரிசையிலும் மியூக்கோர் வகையை அதற்கு அடுத்த வரிசையிலும் வைத்திருக்கிறது. இதெல்லாம் உங்கள் மேசைக்கு வராத செய்தியா? தேடிப் பார்க்காத இடத்தில் எந்த நோயும் அரிதாகத்தான் இருக்கும், மூதூரிலும் குச்சவெளியிலும் நிமோனியா என்று எழுதி அடக்கம் செய்தவர்களில் எத்தனை பேருக்கு இது இருந்ததென்று யார் பார்த்தார்கள்?

இப்போது நாங்கள் கேட்கிற பரிசோதனைக்கு வருகிறேன், ஏனென்றால் "நடைமுறைச் சாத்தியமற்றது" என்ற சொல்தான் எனக்கு ஆறவில்லை. சதைத்துண்டில் ஒரு சிறு பகுதியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டு, சதை கரைந்து தெளியும்வரை கொஞ்சம் பொறுத்து, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. இவ்வளவுதான். மியூக்கோர் என்றால் அகலமாக, நாடாப் போல, குறுக்குச் சுவர் அதிகம் இல்லாத இழைகள். அஸ்பெர்கிலசு என்றால் ஒடுக்கமாக, ஒழுங்கான குறுக்குச் சுவர்களோடு, கூர்கோணத்தில் கிளைவிட்ட இழைகள். பழகின கண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். இந்த வித்தியாசம் தெரிவது உயிர் விஷயம், ஏனென்றால் அஸ்பெர்கிலசுக்கு முதலில் கொடுக்கிற வொரிகொனசோல் மியூக்கோருக்கு வேலை செய்யாது. பங்கசுக்கு எங்கும் சாதாரணமாகக் கொடுக்கிற புளுகொனசோல் இரண்டுக்குமே உதவாது. அஸ்பெர்கிலசைக் கண்டுபிடிக்க இரத்தத்தில் பார்க்கிற விலை கூடிய கலக்டோமனன் பரிசோதனையும் மியூக்கோரைக் காட்டாது. ஆக, விலை கூடிய இயந்திரம் காட்டாததை இந்த ஒரு துளி காட்டிவிடுகிறது. வளர்த்துப் பார்ப்பதும் வகை பிரிப்பதும் கொழும்பில் நடக்கட்டும், அதற்கு நாங்கள் காத்திருக்கிறோம், சிகிச்சையைத் தொடங்க அது வரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

நுணுக்குக்காட்டி இல்லையா இந்த மாகாணத்தில்? சளியில் காசநோய்க் கிருமி பார்க்கிறீர்களே. மலேரியாவை இந்த நாடு எப்படி ஒழித்தது? காய்ச்சல்காரனின் விரலில் குத்தி, தகட்டில் ஒரு துளி இரத்தம் எடுத்து, அதைப் பார்க்கப் பழகின ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான். யுத்தம் நடந்த வருடங்களிலும் வடக்கிலும் கிழக்கிலும் அந்த வேலை நின்றுபோகவில்லை. 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய ஒரு மலேரியா நோயாளியும் இல்லை என்ற நிலைக்கு வந்து, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. அந்தப் பெருமையை நீங்கள் ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறீர்கள், சொல்லவும் வேண்டும், அது உண்மையான பெருமை. அப்படியான ஆட்களை உருவாக்கிய திணைக்களங்கள், ஒரு தகட்டை அன்றன்று பார்ப்பது சாத்தியமில்லை என்று எழுதினால் நாங்கள் எப்படி நம்புவது? சிலருக்குச் சில வாரம் பயிற்சி கொடுங்கள். சதையை அரைக்காமல் மெல்ல நறுக்கச் சொல்லிக் கொடுங்கள், அரைத்தால் மியூக்கோர் இழை சிதைந்து வளராமல் போய்விடும். தகட்டைப் படம் எடுத்துக் கொழும்பில் இருக்கும் பங்கசு வைத்திய நிபுணருக்குத் தொலைபேசியில் அனுப்பி அபிப்பிராயம் கேட்கலாம், இன்றைக்கு எந்தப் பிள்ளையின் கையில் போன் இல்லை?

எங்களுக்கு ஏன் எல்லாமே கொழும்பு? சதைத்துண்டு கொழும்புக்கு, ஸ்கேன் கொழும்புக்கு, அறிக்கை கொழும்பிலிருந்து, மருந்துக்கு அனுமதி கொழும்பிலிருந்து. விசேட வைத்தியர் ஒருவர் இங்கே வந்து ஊரைப் பழகிக்கொள்ளும்போதே இடமாற்றம் வந்துவிடுகிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டே போய்விட்டார்கள், இருப்பவர்கள் இரண்டு ஆள் மூன்று ஆள் வேலையைச் செய்கிறார்கள். அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்ள என்ன செய்தீர்கள்? பெயர்ப்பலகை திறக்கிற நாளில் வருகிற வாகனங்களில் ஒன்று, மாதிரிப் போத்தல் ஏற்றிக்கொண்டு போக ஒரு நாள் கிடைத்திருந்தால் என் தம்பி அந்த இரவுகளில் தகப்பன் பக்கத்தில் இருந்திருப்பான். கடலும் துறைமுகமும் யாருக்குக் கொடுப்பது என்று பேசும்போது மட்டும் திருகோணமலை எல்லாருக்கும் பக்கத்து ஊராகிவிடுகிறது, ஒரு கூலிக்காரனின் கண் என்று வரும்போது தூரத்து ஊராகிவிடுகிறது.

கோபத்தில் நிறையச் சொல்லிவிட்டேன், ஆனால் சொன்னதில் எதையும் திரும்ப எடுக்கவில்லை. கேட்க வந்ததைத் திரும்பவும் மரியாதையாகவே கேட்கிறேன்.

தயவுசெய்து, அன்று எடுத்த மாதிரியை அன்றே, கிழக்கிலேயே பாருங்கள். அந்தத் தகட்டின் முடிவையே மருந்து வரவழைக்கப் போதுமான உறுதிப்படுத்தலாக ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் சில நாளுக்குத் தேவையான லிப்போசோமல் அம்போதெரிசினை மாகாணத்தில் ஓரிடத்திலாவது வையுங்கள். அறுபது கிலோ உள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில், 50 மில்லிகிராம் குப்பி நாளுக்கு ஆறு வேண்டும், ஆகவே இரண்டு குப்பியை வைத்துவிட்டுக் கையிருப்பு உண்டு என்று கணக்குக் காட்ட வேண்டாம். போமலின் எதற்கு, சேலைன் எதற்கு, ஐஸ் வைப்பதா இல்லையா என்பதை மூன்று மொழியிலும் ஒரு தாளில் அடித்து ஒவ்வொரு சத்திரசிகிச்சைக் கூடத்திலும் ஒட்டுங்கள். இதற்கு ஒரு அமைச்சரவைப் பத்திரமும் தேவையில்லை.

ஸ்டீரொயிட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டு அவலம் அந்தப் பெயரில்லாத பைக்கற்றில்தான் தொடங்கியது. ஸ்டீரொயிட் கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. 2020இல் பிரித்தானியாவில் நடந்த பெரிய பரிசோதனையில், ஒட்சிசன் தேவைப்பட்ட கொவிட் நோயாளிகளை டெக்ஸாமெத்தசோன் காப்பாற்றியது, நாளுக்கு 6 மில்லிகிராம், கூடினால் 10 நாள். ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை என்பதும் அதே பரிசோதனையில்தான் தெரிந்தது. இன்புளுவென்சாவுக்கு அதைச் சும்மா கொடுக்கக் கூடாது என்று வழிகாட்டிகளே சொல்கின்றன. அப்படியிருக்க, நடந்து வந்த ஒரு சலரோகக்காரருக்குச் சீனி பார்க்காமல் அதைக் கட்டிக் கொடுக்கிறார்கள், என்ன கொடுத்தோம் என்று எழுதியும் தருவதில்லை. பைக்கற்றில் மருந்தின் பெயர் எழுத வேண்டும் என்பதைக் கண்காணிக்க வேண்டியது உங்கள் கடமை. ஸ்டீரொயிட் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிற ஒவ்வொருவரிடமும், கன்னம் மரத்தால், ஒருபக்கம் முகம் வீங்கினால், கண் மங்கினால், மூக்கால் கறுப்பாக வந்தால் அன்றைக்கே வா என்று ஒரு வரி சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வரியை யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் பல்வலிக் குளிசையோடு நாங்கள் வீட்டில் இருந்திருக்க மாட்டோம்.

அடுத்த மாரி வருவதற்குள், கிழக்கில் எந்த ஆய்வுகூடத்தில், எந்தத் திகதியிலிருந்து இந்தத் தகட்டைப் பார்ப்பீர்கள் என்று எழுத்தில் அறியத் தாருங்கள். இடமும் திகதியும் இருந்தால் போதும், அதை நாங்களே அச்சடித்துக் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, கந்தளாய் எங்கும் கொண்டுபோய் ஒட்டுகிறோம். சித்தப்பா இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இரவு பஸ்ஸில் போத்தல் கொண்டுபோன பிள்ளையின் கதையை வெட்டாமல் போடு என்று மட்டும் சொன்னார், அப்படியே போட்டிருக்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
அவருடைய பெறாமகள்,
உப்புவெளி, திருகோணமலை